வார்சாவின் வாசலை அடைக்கச் சொல்பவர்களுக்கு

ஐந்தாண்டுக்கு ஒருமுறை அக்டோபர் மாதம் போலந்தின் தலைநகர் வார்சாவில் ஷொப்பான் சர்வதேச பியானோ போட்டி நடக்கிறது. 16 வயது முதல் 30 வயது வரையிலான இளைஞர்கள் உலகெங்கிலுமிருந்து வந்து, ஏறக்குறைய மூன்று வாரம், ஒரே ஒரு இசையமைப்பாளரின் படைப்புகளை மட்டும் வாசிக்கிறார்கள். அது தொடங்கும்போதே கூடவே ஒரு பேச்சும் கிளம்பிவிடுகிறது. கலைக்கு எதற்குப் போட்டி? இசைக்கு மதிப்பெண் போட முடியுமா? போட்டி எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கிறது, சுருதி பிசகாத இயந்திரங்களை உருவாக்குகிறது, தனக்கென்று ஒரு குரல் உள்ளவனை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. இப்படிச் சொல்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பேர்பெற்ற விமர்சகர்கள் சொல்கிறார்கள், பெரிய கலைஞர்கள் சொல்கிறார்கள், நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களே சொல்கிறார்கள். அதனால் இது இன்று மறுபேச்சில்லாத முடிவுபோல ஆகிவிட்டது.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போட்டிகளில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறைகள் பல, அவற்றைப் பின்னால் பெயர் சொல்லியே எழுதுகிறேன். ஆனால் போட்டியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்ற கேள்வியை இவர்களில் யாரும் கேட்பதில்லை. கேட்டால், அவர்கள் பாதுகாக்க நினைக்கும் அந்தத் தனிக்குரல் கொண்ட இளைஞனுக்குத்தான் முதல் அடி விழும் என்பது தெரிந்துவிடும்.

போட்டி குதிரைகளுக்கு உரியது, கலைஞர்களுக்கு அல்ல என்ற பொருளில் இசையமைப்பாளர் பேலா பார்டோக் சொன்னதாக ஒரு வாக்கியம் உலவுகிறது. போட்டிக்கு எதிராக எழுதும் எவரும் அதில்தான் தொடங்குகிறார்கள். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 1905-இல் பாரிஸில் நடந்த ஆன்டன் ரூபின்ஸ்டைன் போட்டிக்கு 24 வயது பார்டோக் போனார். பியானோவுக்கான பரிசு வில்ஹெல்ம் பாக்ஹவுஸுக்குப் போயிற்று. இசையமைப்புப் பிரிவில் நடந்தது அவருக்கு இன்னும் பெரிய அவமானம். அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் ஹங்கேரியிலிருந்து ஒரு இளைஞன் தன் இசையைக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போய், பெரிய இசைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து வாசிக்க முடிந்தது அந்தப் போட்டியால்தான். பார்டோக்கை மேற்கோள் காட்டுபவர்கள் தோல்வியைச் சொல்கிறார்கள், பயணத்தைச் சொல்வதில்லை.

போட்டிகள் இல்லாத காலம் எப்படி இருந்தது? அப்போதும் போட்டி இருந்தது, அரண்மனைக் கதவுக்கு உள்ளே இருந்தது. 1781-இல் வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் தன் விருந்தினர்களின் பொழுதுபோக்குக்காக மொட்ஸார்ட்டையும் கிளெமென்டியையும் எதிரெதிரே உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். 1837-இல் பாரிஸில் இளவரசி பெல்ஜியோஜோஸோவின் வரவேற்பறையில் லிஸ்ட்டும் தால்பெர்கும் மோதினார்கள். கேட்டவர்கள் உள்ளே வர அழைப்போ வசதியோ உள்ளவர்கள். தீர்ப்பு சொன்னவர்களும் அவர்களே. அரண்மனைகள் போனபிறகு வந்த முறை இன்னும் கடுமையானது. இளம் கலைஞர் தன் கைக்காசைப் போட்டு லண்டனிலோ பெர்லினிலோ நியூயார்க்கிலோ ஒரு அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, விளம்பரம் செய்து, முதல் கச்சேரியைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும். விமர்சகர் யாராவது வந்து நாளிதழில் நாலு வரி எழுதினால் வாழ்வு. வராவிட்டால் அப்பாவின் பணம் போயிற்று. பணம் இல்லாத அப்பாவின் பிள்ளைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கச்சேரி ஏஜென்டுகளின் கதையும் இதுதான். ஏஜென்டின் காதுக்கு எட்ட ஒரு ஆசிரியரின் சிபாரிசு வேண்டும். அந்த ஆசிரியரிடம் போய்ச் சேர ஊரும் பணமும் பாஸ்போர்ட்டும் வேண்டும்.

இந்த வரிசையில் எந்த இடத்திலும் நிற்க முடியாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். டாங் தாய் சோன் 1958-இல் ஹனோயில் பிறந்தவர். தாய் பியானோ ஆசிரியை, ஹனோய் இசைப்பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவர். தந்தை ஒரு கவிஞர், அரசின் கோபத்துக்கு ஆளானவர். அமெரிக்க விமானங்கள் ஹனோய் மீது குண்டு போட்டபோது இசைப்பள்ளி கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. பியானோவும் கூடவே போயிற்று. பல மாணவர்களுக்கு ஒரே வாத்தியம், ஆளுக்குக் கொஞ்ச நேரம். 1970-இல் தாயை விருந்தினராக வார்சா போட்டிக்கு அழைத்தார்கள். திரும்பி வரும்போது அவர் இசைத்தட்டுகளும் இசைத்தாள்களும் கொண்டுவந்தார். குண்டு விழும் நாட்டில் வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஷொப்பானை முழுதாகக் கேட்டது அவற்றில்தான். பிறகு ஹனோய்க்கு வந்த ஐசக் காட்ஸ் என்ற சோவியத் பியானோ கலைஞர் அவரைக் கேட்டு, மாஸ்கோவில் படிக்க வழிசெய்தார். 1980-இல் டாங் தாய் சோன் வார்சாவுக்கு வந்தபோது காட்டுவதற்கு அவரிடம் கச்சேரிப் பட்டியல் எதுவும் இல்லை. பெரிய மேடைகளில் வாசித்தவர் இல்லை. இறுதிச் சுற்றில் ஆர்கெஸ்ட்ராவோடு கன்செர்ட்டோ வாசித்ததுதான் அவருக்கு அந்த வகையில் முதல் அனுபவம். முதல் பரிசு அவருக்கு. மசூர்கா, பொலொனேஸ், கன்செர்ட்டோ ஆகியவற்றுக்கான தனிப் பரிசுகளும் அவருக்கே. ஆசியாவிலிருந்து அந்தப் போட்டியை வென்ற முதல் ஆள்.

போட்டி வேண்டாம் என்பவர்களிடம் நேராகவே கேட்கிறேன். 1980-இல் ஹனோயைச் சேர்ந்த, அரசுக்குப் பிடிக்காத ஒரு கவிஞரின் மகனை, எந்த ஏஜென்ட் தேடிப் போயிருப்பார்? எந்த இசைத்தட்டு நிறுவனம் கூப்பிட்டிருக்கும்? வார்சா கூப்பிடவில்லைதான், ஆனால் விண்ணப்பம் போட இடம் கொடுத்தது. அவர் பெயர் இன்றைக்கும் ஓயவில்லை. 2021-இல் வார்சாவில் வென்ற ப்ரூஸ் லியூவும் 2025-இல் வென்ற எரிக் லூவும் அவரிடம் பயின்றவர்கள்.

1980-ஐச் சொன்னால் எதிர்த்தரப்பு உடனே இவோ பொகொரெலிச்சின் பெயரை எடுக்கும். அதே ஆண்டு, அதே மேடை. யூகோஸ்லாவிய இளைஞர் பொகொரெலிச்சை நடுவர் குழு இறுதிச் சுற்றுக்கு விடவில்லை. நடுவர்களில் ஒருவரான மார்த்தா ஆர்கெரிச், இவர் மேதை என்று சொல்லி, குழுவிலிருந்து விலகிப் போய்விட்டார். போட்டி மேதையைத் தோற்கடித்த கதையாக இதை நாற்பத்தைந்து ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். பின்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். பொகொரெலிச் சில மாதங்களிலேயே உலகப் புகழ் பெற்றார், பெரிய நிறுவனத்துக்கு இசைத்தட்டு வாசித்தார். அவரை அங்கே கேட்டவர்கள் நடுவர்களோடு ஒத்துப்போகவில்லை. அவர் வாசிப்பு ஒரு பூட்டிய அறையில் நடந்து, நிராகரிப்பு ஒரு கடிதமாக வந்திருந்தால், ஆர்கெரிச் எதிலிருந்து விலகியிருப்பார்? உலகம் யாருக்காகக் கோபப்பட்டிருக்கும்? பொதுமேடையில் நடந்ததால்தான் நடுவர்களின் தீர்ப்பை மக்கள் தள்ளிவைக்க முடிந்தது.

லூகா டெபார்க் கதையும் இப்படித்தான். பிரான்ஸைச் சேர்ந்த இவர் 11 வயதில்தான் பியானோ தொட்டார். 17 வயதில் விட்டுவிட்டு இலக்கியம் படிக்கப் போனார், சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்தார். இருபது வயதில் திரும்பி வந்து ரேனா ஷெரெஷெவ்ஸ்கயா என்ற ஆசிரியையிடம் சேர்ந்தார். 2015-இல், 24 வயதில், மாஸ்கோவின் சைக்கோவ்ஸ்கி போட்டிக்குப் போனார். ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்துப் பழக்கம் இல்லாததால் இறுதிச் சுற்றில் தடுமாறினார். நான்காவது பரிசுதான் கிடைத்தது. ஆனால் மாஸ்கோ இசை விமர்சகர்கள் தங்கள் பரிசை அவருக்குக் கொடுத்தார்கள், சோனி நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. ஐந்து வயதில் தொடங்காதவனுக்கு இந்தத் துறையில் இடமில்லை என்று எல்லா இசைக் கல்லூரிகளும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த நம்பிக்கையை உடைக்க இடம் கொடுத்தது எல்லோரும் திட்டும் போட்டிதான்.

இனி அந்த அச்சு விவகாரம். போட்டிகள் ஒரே மாதிரி வாசிப்பவர்களையே தேர்ந்தெடுக்கின்றன என்கிறார்கள். வார்சாவில் 1960-இல் வென்றவர் 18 வயது மௌரிட்சியோ போலினி. 1965-இல் வென்றவர் ஆர்கெரிச். ஷொப்பானை இவ்விருவரையும்விட ஒருவருக்கொருவர் வேறுபட்ட முறையில் வாசிக்க முடியுமா என்றே தெரியவில்லை. போலினி ஒவ்வொரு சுரத்தையும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டுவார். ஆர்கெரிச் தீப்பிடித்ததுபோலக் கிளம்புவார். இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியில் 1969-இல் ராடு லூபு, 1972-இல் மரே பெராஹியா. லூபு சாதாரண நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தனக்குள் பேசிக்கொள்வதுபோல வாசித்தவர். 1975-இல் அதே லீட்ஸில் இரண்டாம் இடம் மிட்சுகோ உச்சிதாவுக்கு. மூன்றாம் இடத்தில் ஆந்திராஷ் ஷிஃப். ஒரே அச்சு என்றால் இவர்கள் எந்த அச்சு?

பழைய கதை, இன்று அப்படி இல்லை என்பார்கள். 2021 அக்டோபரில் வார்சா இறுதிச் சுற்றை யூட்யூபில் நேரலையாகக் காட்டினார்கள். நம் நேரத்துக்கு இரவு ஒன்பதரைக்குத் தொடங்கும். அதில் ஸ்பெயினின் மார்ட்டின் கார்சியா கார்சியா இரண்டாவது கன்செர்ட்டோவை வாசித்ததை நான் முழுவதும் பார்த்தேன். அவர் வாசிக்கும்போது கூடவே பாடுகிறார். முணுமுணுப்பு இல்லை, மைக்கில் விழும் அளவுக்குப் பாட்டு. மெல்லிய இடங்களில் ஆர்கெஸ்ட்ராவின் நரம்பிசைக்கு மேலேயே அவர் குரல் கேட்கிறது. தலை ஆடுகிறது, முகம் மலர்கிறது. தேர்வு அறையில் இப்படிச் செய்யாதே என்று எந்த ஆசிரியரும் கண்டிக்கக்கூடிய பழக்கம். நடுவர்கள் அவருக்கு மூன்றாம் பரிசும் கன்செர்ட்டோவுக்கான தனிப் பரிசும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் நடந்த வான் கிளைபர்ன் போட்டியில் 18 வயது யுன்சான் லிம் அரையிறுதியில் லிஸ்ட்டின் டிரான்ஸெண்டென்டல் எட்யூடுகள் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தார். பாதுகாப்பாக மதிப்பெண் வாங்க நினைக்கும் யாரும் செய்யாத காரியம் அது. இறுதிச் சுற்றில் அவர் ராஹ்மனினோவின் மூன்றாவது கன்செர்ட்டோவை முடித்தபோது, நடத்துநர் மரின் ஆல்சாப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கப் பதக்கம் அவருக்கே. அந்தப் போட்டியின் வரலாற்றில் இத்தனை இளவயதில் யாரும் வென்றதில்லை.

வாசிப்பில் ஒரு பொதுவான வழவழப்பு வந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பொறுப்பு இசைத்தட்டுக்கு. ஒலிநாடா வந்தபிறகு ஸ்டுடியோவில் தவறிய இடங்களை வெட்டி ஒட்டினார்கள். இரண்டு தலைமுறைக் காதுகள் ஒரு தவறும் இல்லாத வாசிப்பைத்தான் வாசிப்பு என்று பழகிவிட்டன. அந்தக் காதோடுதான் ரசிகரும் அரங்குக்கு வருகிறார், நடுவரும் வருகிறார். போட்டிப் பக்கமே போகாத கலைஞர்களின் தட்டுகளிலும் அதே வழவழப்பு உண்டு.

அச்சு, இயந்திரம் என்ற சொற்களுக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அதைத் தொடாமல் போக என் மனம் ஒப்பவில்லை. சீனா, கொரியா, ஜப்பானிலிருந்து வரும் இளைஞர்கள் பரிசு வாங்கத் தொடங்கிய பிறகு இந்தக் குற்றச்சாட்டின் சத்தம் கூடியிருக்கிறது. அவர்கள் விரல் இருக்கிறது, உயிர் இல்லை என்று எழுதுகிறார்கள். 1955-இல் வார்சாவில் மூன்றாம் பரிசு பெற்றவர் ஷாங்ஹாயில் பிறந்த ஃபூ த்ஸொங். அந்த ஆண்டு மசூர்காக்களைச் சிறப்பாக வாசித்ததற்கான பரிசும் அவருக்குத்தான். மசூர்கா போலந்துக் கிராமத்து நடனம். அதன் தாளத்தின் இடறலை வெளிநாட்டவருக்குச் சொல்லிக்கொடுக்கவே முடியாது என்று போலந்துக்காரர்கள் சொல்லிவந்த வடிவம். சீன மொழிபெயர்ப்பாளர் ஃபூ லெய்யின் மகன் அதை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் முன்னால் வாசித்து, அவர்களிடமே பரிசு வாங்கினார். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன ஒரு கேள்வியை இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதற்கு இசையோடு சம்பந்தமில்லை.

விளையாட்டுப் போட்டியோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. நூறு மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் மெதுவாக ஓடினாலும் ஒருவருக்குத் தங்கம் கொடுத்தாக வேண்டும். வார்சாவில் 1990-இலும் 1995-இலும் முதல் பரிசு யாருக்கும் இல்லை என்று நடுவர்கள் சொன்னார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை, பத்து ஆண்டுகள், அந்தப் போட்டிக்கு வெற்றியாளரே கிடையாது. விளையாட்டில் காணாத இன்னொன்றும் அங்கே உண்டு. போட்டி நடக்கும் வாரங்களுக்கு நடுவே அக்டோபர் 17, ஷொப்பான் இறந்த நாள், வரும். அன்று வாசிப்பு நிறுத்தப்படுகிறது. ஷொப்பானின் இதயம் வைக்கப்பட்டிருக்கும் திருச்சிலுவைத் தேவாலயத்தில் மொட்ஸார்ட்டின் இரங்கற்பூசை இசைக்கப்படுகிறது.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதத்துக்கு வருகிறேன். அது ஆய்வுகள். பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டியின் முடிவுகளைப் பொருளாதார அறிஞர் விக்டர் கின்ஸ்பெர்க் தன் சகாக்களோடு ஆராய்ந்திருக்கிறார். யார் எந்த நாள் வாசிப்பது என்பது அங்கே குலுக்கலில் முடிவாகிறது. அப்படியிருந்தும் முதல் நாளில் வாசித்தவர்களுக்கு இடம் கீழேயும், பின்னால் வாசித்தவர்களுக்கு மேலேயும் கிடைத்திருக்கிறது. மேலான இடம் கிடைத்தவர்கள் பிற்கால வாழ்க்கையிலும் முன்னேறுகிறார்கள். திறமைக்காக மட்டுமன்றி, இடம் கிடைத்ததற்காகவே. 2013-இல் சியா-ஜுங் சே என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டினார். பெரிய போட்டிகளின் இறுதி மூவரைச் சத்தமில்லாத காணொளியில் பார்த்தவர்கள், குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அதிக முறை வென்றவரைச் சரியாகச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களால் சொல்ல முடியவில்லை. இசைத் தொழில்காரர்களும் இதற்கு விலக்கில்லை.

இந்த ஆய்வுகளை நான் ஏற்கிறேன். சேயின் ஆய்வில் காட்டப்பட்ட துண்டுகள் பல ஆறு நொடி நீளம்தான் என்பதையும், கடைசி மூன்று பேர் என்பவர்கள் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் மிக நெருங்கியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுவர்கள் கேட்பது ஆறு நொடி இல்லை, சுற்றுக்குச் சுற்று நீளும் முழு நிகழ்ச்சிகள். ஆனாலும் கண் காதை ஏமாற்றுகிறது என்பது உண்மைதான். வரிசை தீர்ப்பைப் பாதிக்கிறது என்பதும் உண்மைதான்.

அதே கண்தான் ஏஜென்டின் அறையிலும் பார்க்கிறது. கல்லூரிச் சேர்க்கைத் தேர்விலும், இசைத்தட்டு நிறுவனத்தின் மேசையிலும், விழா அமைப்பாளர் கைப்பேசியில் ஒரு இளைஞரின் படத்தைத் தள்ளிப் பார்க்கும்போதும் அதே கண்தான். அங்கே முதலில் கேட்கப்பட்டவர் யார், கடைசியில் கேட்கப்பட்டவர் யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியல் இல்லை. மதிப்பெண் இல்லை. அதனால் அங்கே என்ன அநியாயம் நடக்கிறது என்று எந்த கின்ஸ்பெர்கும் கணக்குப் போட முடியாது. போட்டியில் வரிசை பதிவாகிறது, வாசிப்பு பதிவாகிறது, முடிவு பதிவாகிறது. அதனால்தான் அதன் கோணலை அளக்க முடிந்தது. தன் கணக்குப் புத்தகத்தைத் தெருவில் விரித்துவைத்தவனைப் பிடித்துத் திருடன் என்கிறோம்; புத்தகமே எழுதாதவனைக் கலைப் புரவலன் என்கிறோம். போட்டிகளைப் பற்றி இத்தனை குறைகள் நமக்குத் தெரிந்திருப்பது, இசை உலகின் மற்றத் தேர்வுகளைவிட அது மோசம் என்பதற்குச் சான்றாகாது. மற்றவற்றைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது, அவ்வளவுதான்.

தெரிந்த குறையைத்தான் திருத்தவும் முடியும். நடுவர் தன் சொந்த மாணவருக்கு மதிப்பெண் போடுவது ஒரு காலத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். வார்சாவில் இப்போது அது முடியாது. மாணவர் என்றால் அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு எழுத்து மட்டும் இருக்கும். போட்டி முடிந்ததும் எந்த நடுவர் யாருக்கு எவ்வளவு போட்டார் என்ற முழுப் பட்டியலும் வெளிவருகிறது. 2015-இன் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இறுதிச் சுற்றில் கொரியாவின் சியோங்-ஜின் சோவுக்கு நடுவர்கள் பெரும்பாலும் பத்துக்கு ஒன்பதும் பத்தும் போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கலைஞர் ஃபிலிப் ஆன்ட்ரமோன் மட்டும் ஒன்று போட்டிருக்கிறார். பத்துக்கு ஒன்று. சோ வென்றார். ஆன்ட்ரமோனின் ஒன்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஒரு பெரிய மனிதரின் பிடிக்காமைக்கு விளக்கம் கேட்கும் உரிமை இசைத்துறையில் வேறு எங்கே நமக்கு இருக்கிறது?

தோல்வி என்பதை இவர்கள் நினைப்பதுபோல இறுதித் தீர்ப்பாகவும் நான் பார்க்கவில்லை. 1938-இல் பிரஸ்ஸல்ஸில் எமில் கிலெல்ஸ் வென்ற போட்டியில் ஏழாவது வந்தவர் ஆர்துரோ பெனெடெட்டி மிக்கெலாஞ்செலி. அடுத்த ஆண்டே ஜெனீவாவில் முதல் பரிசு வாங்கினார். 1955-இல் அவரே வார்சாவில் நடுவராக இருந்து, போட்டியாளர் அஷ்கெனாஸிக்கு முதலிடம் மறுக்கப்பட்டதை ஏற்காமல் முடிவில் கையெழுத்துப் போட மறுத்தார். 1927-இல் முதல் வார்சா போட்டியில் 20 வயது ஷொஸ்தகோவிச்சுக்குப் பாராட்டுச் சான்றிதழ்தான் கிடைத்தது. எரிக் லூ 2015-இல் 17 வயதில் வார்சாவில் நான்காவது. 2018-இல் லீட்ஸை வென்றார், கச்சேரி வாழ்க்கை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. தோற்றால் இருக்கும் பெயரும் போகும் என்று தெரிந்தே 2025-இல் மறுபடி வார்சாவுக்குப் போய் முதல் பரிசோடு திரும்பினார்.

என்னை உண்மையாகவே வருத்தும் குறைகள் இரண்டு. ஒன்று பெண்கள். வார்சாவில் 1965-இல் ஆர்கெரிச் வென்றதற்குப் பிறகு 2010-இல் யூலியானா அவ்தேயேவா வரும்வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், ஒரு பெண்ணுக்கும் முதல் பரிசு இல்லை. லீட்ஸில் 1963 முதல் 2009 வரை, சோஃபியா குல்யாக் வெல்லும்வரை, ஒருவரும் இல்லை. உச்சிதா போன்ற ஒருவர் வந்துபோன மேடை அது. இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. லீட்ஸ் 2024-இல் தொடக்கத் தேர்வில் வாசிப்பவரின் பெயரும் பின்னணியும் நடுவருக்குத் தெரியாமல் கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. தாமதமாக வந்தாலும் சரியான காரியம்.

இன்னொன்று, வென்றபிறகு அந்தப் பிள்ளைகளுக்கு நேர்வது. தாஷ்கண்டில் பிறந்த அலெக்ஸி சுல்தானோவ் 1989-இல் 19 வயதில் வான் கிளைபர்ன் போட்டியை வென்றார். உடனே நகரம் நகரமாகக் கச்சேரிகள், பேட்டிகள், தொலைக்காட்சி. ஒரு இளைஞன் புதிதாக ஒரு படைப்பைக் கற்றுக்கொள்ளவும் நேரமில்லாத ஓட்டம். பிறகு வேறு போட்டிகளுக்கும் போனார். 1995-இல் வார்சாவில் இரண்டாம் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். அது அவருக்குப் பெரும் ஏமாற்றம். 2001-இல் பக்கவாதம் இடது கையை எடுத்துக்கொண்டது. 2005-இல் 35 வயதில் இறந்தார். அவர் நோய்க்குப் போட்டியைக் காரணம் சொல்வது நியாயமில்லை. ஆனால் 19 வயதில் அவர்மேல் ஏற்றப்பட்ட பாரத்தை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பாரத்தை ஏற்றியது வாசித்த அந்தச் சில வாரங்கள் இல்லை. வெற்றி ஆறுவதற்குள் காசாக்க நினைத்த கச்சேரிச் சந்தை. போலினி 1960-இல் வென்றபிறகு மேடையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் படிக்கப் போனார். ஆர்கெரிச் 16 வயதில், 1957-இல், போல்சானோவிலும் ஜெனீவாவிலும் சில வாரங்களுக்குள் இரண்டு பெரிய பரிசுகளை வாங்கிவிட்டு, பிறகு சில ஆண்டுகள் ஏறக்குறைய வாசிப்பையே நிறுத்தியிருந்தார். அவர்களால் முடிந்தது. எல்லா இளைஞர்களுக்கும் மறுத்துச் சொல்லும் துணிவு இருக்காது.

ஆகவே போட்டிகளிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். மதிப்பெண்ணைக் கடைசியில் மொத்தமாக வெளியிடுவதைவிட ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வெளியிடுங்கள். வெளியேற்றப்பட்டவர் ஊர் திரும்புவதற்குள் காரணம் தெரியட்டும். மாணவர் என்பதன் வரையறை போட்டிக்குப் போட்டி மாறுகிறது. கோடை வகுப்பில் சில நாள் பயின்றவரையும் மாணவர் கணக்கில் சேருங்கள். வாசிக்கும் வரிசையைச் சுற்றுக்குச் சுற்று புதிதாகக் குலுக்குங்கள், முதல் நாளின் சுமை ஒரே ஆள்மேல் விழாமல் இருக்க. பயணச் செலவையும் விண்ணப்பக் கட்டணத்தையும் கட்ட முடியாதவருக்கு அமைப்பே கட்டட்டும். ஃபோர்ட் வொர்த்தில் போட்டியாளர்களை ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் தங்கவைத்து, பயிற்சிக்கு ஒரு ஸ்டைன்வே பியானோவையும் கூடத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். இதை மற்ற ஊர்களும் செய்ய முடியும். வென்றவருக்கு மூன்றாண்டு நிர்வாக உதவி தருகிறது வான் கிளைபர்ன். அந்த ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர வேண்டும்: இருபது வயதுக்குக் கீழ் உள்ள வெற்றியாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் மாதத்துக்கு இத்தனை கச்சேரிக்கு மேல் கிடையாது என்று, எண்ணைக் குறிப்பிட்டே எழுதிவைக்க வேண்டும்.